நாலாம் வகுப்பு ‘காய்’ விட்டது

ஆவுடைச்செல்விக்கு அந்த வாரம் மட்டும் நூற்று நாற்பது பாராட்டுகள் வந்திருந்தன. தோணித்துறைத் தொடக்கப்பள்ளியின் சரித்திரத்திலேயே ஒரு குழந்தை ஒரே வாரத்தில் இவ்வளவு வாங்கியதில்லை. அந்தக் குழந்தைதான் நான்கு நாட்களாகப் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை.

“பாராட்டு மழையில நனைஞ்சு சளி பிடிச்சிருக்கும்மா” என்றார் தலைமையாசிரியர் அருள்ராஜ். தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார். நாலாம் வகுப்பு ஜெசிந்தா டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கேள்வி முடியும் முன்னே கை தூக்குகிற பெண் அது. சளியெல்லாம் அதைத் தடுக்காது.

சாயங்காலம் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு கருவாட்டுக் களத்துப் பக்கம் போனாள் ஜெசிந்தா.

தூத்துக்குடிக் கரையோரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பதினேழு தொடக்கப்பள்ளிகளில் தோணித்துறையும் ஒன்று. இரண்டு வருடமாக அங்கே படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு தொடுதிரைப் பலகை தொங்குகிறது. பாடம் அதில், வீட்டுப்பாடம் அதில், இரவு எட்டு மணிவரை சிநேகிதர்களோடு அரட்டையும் அதில். ஒரு குழந்தை எழுதுவது இன்னொரு குழந்தையைப் போய்ச் சேரும் முன் ‘இன்சொல்’ என்ற மென்பொருள் வழியாகப் போகும். கெட்ட வார்த்தை இருந்தால் அது எடுத்துவிடும். அப்படித்தான் சொன்னார்கள். யாராவது குரலை உயர்த்தினால் பலகை ‘பீப்’ என்று கத்தி மதிப்பெண்ணைக் குறைக்கும். நாள் ஒன்றுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து பேரையாவது பாராட்டியாக வேண்டும். வருடக் கடைசியில் அதிக மதிப்பெண் வாங்கும் பள்ளிக்கு ‘இனிய பள்ளி’ கேடயம். போன வருடக் கேடயம் அருள்ராஜ் சாரின் தலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

களத்தில் வலையை விரித்து நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தாள் ஆவுடையின் அம்மா சந்தனமாரி. டீச்சரைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“வாங்க டீச்சர். இவளுக்கு என்ன கேடுன்னு நீங்களே கேளுங்க. வயித்து வலிங்கா, தலை வலிங்கா. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னா ஒண்ணுமில்லைங்கா. கூடப் படிக்குற பிள்ளையெல்லாம் எப்படி எழுதியிருக்கு பாருங்க, தங்கமா!”

பலகையை நீட்டினாள். ஜெசிந்தா படித்தாள்.

‘உன்னிடம் கடல் வாசம் வீசுகிறது. அருமை!’

‘உன் மதிய உணவை என்னால் மறக்கவே முடியாது!’

‘உன் பக்கத்தில் உட்கார ஆசைதான். அந்த வாய்ப்பை மற்றவர்களுக்கு விட்டுத்தருகிறேன்!’

மூன்றாவதைப் படித்ததும் ஜெசிந்தாவின் விரல் நின்றுவிட்டது.

குடிசையின் உள்ளே, மடித்த சாக்கின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஆவுடை.

“டீச்சர், அது அவங்க எழுதினது இல்ல.”

“எப்படிச் சொல்லுதே?”

“எழுதும்போது மூக்கைப் பொத்திக்கிட்டுல்லா எழுதுதாங்க.”

சந்தனமாரியின் முகத்திலிருந்த பெருமை அப்படியே வடிந்தது. அவள் தன் கையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டதை ஜெசிந்தா பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஆவுடை மெதுவாகச் சொன்னாள். ஜெரோம்தான் ஆரம்பித்தவன். அவன் அப்பாவுக்கு இரண்டு விசைப்படகு. ஆவுடையின் முகத்தை வெட்டி ஒரு வாளைக் கருவாட்டின் உடம்பில் ஒட்டி, அதை ஆடவைத்து வகுப்பு முழுக்க அனுப்பினான். படங்களை இன்சொல் தடுக்கவில்லை. ‘படைப்பாற்றல்’ என்று இரண்டு மதிப்பெண் போட்டது.

“நான் அவனுக்கு எழுதினேன் டீச்சர். ‘இனிமே படம் போடாதே, எனக்கு அழுகையா வருது’ன்னு.”

“அவன் என்ன சொன்னான்?”

“‘ரொம்ப சந்தோஷம், நாளைக்கு இன்னும் ரெண்டு போடுதேன்’னான்.”

“வாயால சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். கத்திட்டேன். பலகை பீப்புன்னுச்சு. எனக்குப் பத்து மார்க்கு போச்சு. எங்க பெஞ்சுக்கே விளையாட்டு பீரியடு போச்சு. அப்புறம் எங்க பெஞ்சுப் பிள்ளைகளும் எங்கூடப் பேசல.”

“ஏன் என்கிட்ட சொல்லல ஆவுடை?”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

“உங்களுக்குந்தான் எழுதினேன் டீச்சர். மூணு தடவை.”

ஜெசிந்தா தன் பலகையை எடுத்துத் தேடினாள். இருந்தன. மூன்றும் இருந்தன.

‘டீச்சர், வகுப்பில் எல்லோரும் என்னையே கவனிக்கிறார்கள்!’

‘டீச்சர், ஜெரோம் தினமும் எனக்காகப் படம் செய்கிறான்!’

‘டீச்சர், கொஞ்ச நாள் வீட்டில் இருந்து ஓய்வெடுக்க ஆசை!’

ஒவ்வொன்றின் கீழும் ஜெசிந்தா எழுதிய பதில். ‘சபாஷ் செல்லம்!’ பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

அவளுக்கு அந்த நட்சத்திரத்தைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. ஆவுடையின் பலகையை வாங்கி, தனக்கே ஒரு வரி எழுதினாள்: ‘எனக்கு உங்கள் மேல் கோபம்.’ அனுப்பினாள். இன்னொரு கையிலிருந்த அவளுடைய பலகை ஒளிர்ந்தது.

‘எனக்கு உங்கள் மேல் தனி அக்கறை!’

ஜெசிந்தா இரண்டு பலகைகளையும் ஒதுக்கி வைத்தாள். பிறகு ஆவுடையின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“திங்கக்கிழமை மட்டும் வா. ஒரே ஒரு நாள். நீ சொல்றது அவனுக்குப் போய்ச் சேரலைன்னா, அப்புறம் உன்னை வான்னு நானே கூப்பிட மாட்டேன்.”

*

திங்கட்கிழமை காலை, இன்சொல் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் நிவேதன் வந்திருந்தான். முப்பது வயதுக்காரன். சென்னையிலிருந்து வந்தவன். யாரிடமும் கடிந்து பேசாதவன். அவன் கழுத்திலும் ஒரு பலகை.

“மேடம், அது எதையும் மாத்தறதில்ல. மெருகேத்துது, அவ்வளவுதான்.”

“‘அழுகையா வருது’ன்னு எழுதினது ‘சந்தோஷம்’னு போயிருக்கு. இதுக்குப் பேரு மெருகா?”

“அந்தப் பொண்ணு என்ன எழுதினாள்னு நமக்கு எப்படித் தெரியும்? மூலம் நாலு செகண்டுல அழிஞ்சிடும். குழந்தைங்க நன்மைக்குத்தான்.”

“‘வேண்டாம்’னு ஒரு பிள்ளை சொன்னா அது என்ன ஆகும் சார்?”

நிவேதன் தயங்கினான். “வேண்டாம்ங்கறது எதிர்மறைச் சொல் மேடம். அதுக்கு நேரான நல்ல சொல்லை அது தேடும்.”

“வேண்டாங்கிறதுக்கு நேரான நல்ல சொல் வேணுங்கிறதா?”

“நீங்க ஒண்ணை வெச்சுப் பேசறீங்க. பதினேழு பள்ளி. நாலாயிரம் குழந்தைங்க. ரெண்டு வருஷத்துல ஒரு புகார்கூட வரல.”

“புகாரை எதுல எழுதணும்?”

“பலகையிலதான்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. அருள்ராஜ் சார் ஜன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

நிவேதன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “மேடம், நான் இந்த வேலைக்கு ஏன் வந்தேன் தெரியுமா? எங்க அக்கா பொண்ணு. வகுப்பு குரூப்புல அவளைப் பத்தி எழுதினதைப் படிச்சுட்டு ஆறு மாசம் வாயே திறக்கல. எட்டு வயசு. அந்த மாதிரி இன்னொரு குழந்தைக்கு நடக்கக் கூடாதுன்னுதான்.”

அவன் பொய் சொல்லவில்லை என்பது ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

“எழுதினவங்ககிட்ட யாராவது போய்ப் பேசினாங்களா சார்?”

“இல்ல.”

“இங்கயும் பேசல. எழுதறவன் எழுதிக்கிட்டேதான் இருக்கான். எங்க ஆவுடை அழுறது யாருக்கும் கேட்காம மட்டும் நீங்க பண்ணிட்டீங்க.”

“இந்தப் பருவத்திலிருந்து ஆசிரியர்களும் அலுவலகமும்கூட இன்சொல்லில்தான் இருக்கோம் மேடம். பிள்ளைகளுக்கு முன்மாதிரியா. கொஞ்சம் நம்புங்க.”

“நம்பித்தான் நட்சத்திரம் போட்டேன்” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா வகுப்புக்குப் போனாள்.

*

கடைசிப் பாடவேளை. அட்டவணையில் ‘டிஜிட்டல் குடியுரிமை’ என்று இருந்தது. சாதாரணமாகப் பலகையே அந்தப் பாடத்தை நடத்திவிடும். சிரித்த முகத்தோடு ஒரு பொம்மை வந்து ‘இனிமையாகப் பேசுவோம்’ என்று பாடும்.

ஜெசிந்தா பீரோவைத் திறந்தாள். “எல்லாரும் பலகையைக் கழட்டி இதுக்குள்ள வைங்க.”

இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூட்டுப் போட்ட பிறகு, கழுத்து லேசானதில் சிலர் தலையைச் சும்மா ஆட்டிப் பார்த்தார்கள்.

“யாருக்காவது காய் விடத் தெரியுமா?”

“எந்தக் காய் டீச்சர்? கத்தரிக்காயா?” என்றான் முத்தரசு. வகுப்பு சிரித்தது. சிரித்துவிட்டு ‘பீப்’ வருமா என்று எல்லோரும் பீரோவைப் பார்த்தார்கள். வரவில்லை.

ஜெசிந்தாவுக்கு நம்பவே முடியவில்லை. அவள் நாலாம் வகுப்புப் படித்தபோது ஒரு நாளைக்கு நாலு பேரிடம் காய் விட்டு, மணி அடிப்பதற்குள் மூன்று பேரிடம் பழம் விட்டிருப்பாள். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடத்தில் அந்தப் பழக்கம் அப்படியே விட்டுப்போயிருந்தது.

சுண்டு விரலை நீட்டி முகவாயில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள். “இது காய். ‘உங்கூட நான் பேச மாட்டேன். நீ செஞ்சது எனக்குப் பிடிக்கல’ன்னு அர்த்தம்.” பிறகு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினாள். “இது பழம். ‘சரி, மறுபடி சேர்ந்துக்கிடலாம்.’ ஆனா ஒண்ணு. காய் விட்டா ஏன்னு காரணத்தைச் சொல்லணும். மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்.”

முதல் வரிசையில் ஆவுடை எழுந்து நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நடந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். ஜெரோம் சிரித்துக்கொண்டே பார்த்தான்.

சுண்டு விரல் முகவாயில் பட்டது.

“உங்கூட நான் காய். நீ என்னையக் கருவாடுன்னு படம் போட்டே. எங்க அம்மா கருவாடு காயப்போடுதா. அதுலதான் நாங்க சோறு திங்கோம். எனக்கு அழுகையா வருது. இனிமே போடாதே.”

ஜெரோமின் சிரிப்பு பாதியில் நின்றது.

“ஏட்டி, நீதானே நல்லா இருக்குன்னே! இன்னும் போடுன்னே!”

“நான் அப்படி எழுதல.”

“எழுதினே! நான் வச்சிருக்கேன், பாரு!” கை கழுத்துக்குப் போய் வெறும் சட்டையைத் தடவியது. அவன் ஜெசிந்தாவைப் பார்த்தான். ஆவுடை அப்படி எழுதவில்லை என்று அவள் தலையசைத்தாள். அவன் முகம் வெளுத்தது. “மொதல்ல கிண்டலுக்குத்தான் போட்டேன். அப்புறம் நீ சந்தோஷமா எழுதவும்… உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன். சோறுகூடத் திங்காம உக்காந்து போட்டேன்.”

அழ ஆரம்பித்துவிட்டான். இரண்டு விரலை நீட்டினான். வகுப்பே ஆவுடையைப் பார்த்தது.

“இன்னிக்கு இல்ல” என்றாள் ஆவுடை.

‘போகட்டும், சேர்ந்துக்கோ’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்ததை ஜெசிந்தா விழுங்கினாள். ஆவுடை திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, நான்கு நாள் பாக்கி வைத்திருந்த கணக்கைப் போட நோட்டைத் திறந்தாள்.

மணி அடிப்பதற்குள் பிள்ளைகளே கரும்பலகையில் சட்டம் எழுதிவிட்டார்கள். ஒருவர் காய் விட்டால் மற்றவர் கூட்டுச் சேரக் கூடாது. பழம் விடச் சொல்லி யாரையும் பிடித்துத் தள்ளக் கூடாது.

“அப்ப பாராட்டு, டீச்சர்?” என்றாள் ஷகிலா. “அஞ்சு பேரைப் பாராட்டணுமே.”

“நெஜமா தோணினா பாராட்டு. தோணலைன்னா சும்மா இரு.”

ஷகிலா யோசித்தாள். பிறகு ஆவுடையிடம், “உன் கையெழுத்து எனக்குப் பிடிக்கும்” என்றாள்.

“நெஜமாவா?”

“என் மூஞ்சியைப் பாரு.”

ஆவுடை பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை.

மறுநாளே முத்தரசு இன்னொரு வேலையைக் கண்டுபிடித்தான். காலையில் வந்ததும் பலகையைத் திறந்து, முந்தின நாள் வந்ததை எழுதியவரிடமே காட்டிக் கேட்பது: “நேத்து நீ எழுதினது இதுதானா?” பாதிக்கு மேல் ‘இல்ல’ என்றுதான் பதில் வந்தது. சில சமயம் சண்டை வந்தது. சில சமயம் எழுதியதைத் திரும்ப வாயால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, “விடு, நான் எழுதியிருக்கக் கூடாது” என்றார்கள். ஒரு வாரத்தில் பிள்ளைகள் அனுப்பும் முன்பே யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். காலையில் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஜெரோமுக்குப் பழம் கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று.

*

பலகைகள் பீரோவில் தூங்கினால் பாராட்டு எங்கிருந்து வரும்? மூன்று வாரத்தில் தோணித்துறையின் மதிப்பெண் தொண்ணூற்றெட்டிலிருந்து அறுபத்தொன்றுக்கு விழுந்தது. பதினேழு பள்ளிகளில் பதினேழாவது இடம்.

அருள்ராஜ் சார் கேடயத்தின் கீழே உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, எனக்கு ரிட்டயராக ஒன்பது மாசம் இருக்கு. அதுவரைக்கும் அந்தப் பீரோவை மட்டும் திறந்து வையேன்.”

“கடைசிப் பாடவேளை மட்டும்தான் சார் பூட்டுதேன்.”

“மேல நடவடிக்கை எடுக்கப்போறாங்களாம். ஆர்டர் வருதாம்.”

“வரட்டும் சார். அந்தப் பொண்ணு மூணு தடவை எனக்கு எழுதிச்சு. மூணு தடவையும் நட்சத்திரம் போட்டேன். நாலாவது தடவை போட மாட்டேன்.”

ஆர்டர் புதன்கிழமை ஜெசிந்தாவின் பலகைக்கு வந்தது. நிவேதனின் கையொப்பம், அறக்கட்டளையின் முத்திரை எல்லாம் இருந்தன.

‘அன்புள்ள ஆசிரியைக்கு, தங்கள் வகுப்பில் நடந்துவரும் செயல்பாடு எங்கள் சிறப்புக் கவனத்தைப் பெற்றுள்ளது. அதைத் தொடர்வது குறித்துத் தாங்களே முடிவெடுக்கலாம். வாழ்த்துகள்!’

ஜெசிந்தா இரண்டு முறை படித்தாள். ஆவுடை அன்று சாக்கின் மேல் உட்கார்ந்து ‘அது அவங்க எழுதினது இல்ல’ என்றது நினைவுக்கு வந்தது. பலகையில் பதில் எழுதினாள்: ‘நீங்கள் எழுதியது இதுதானா? நேரில் வந்து சொல்லவும்.’ அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, யாரும் வரவில்லை.

அவள் தொடர்ந்தாள். வியாழனும் பீரோ பூட்டப்பட்டது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நிவேதனே வந்து வகுப்பு வாசலில் நின்றான். பின்னால் அருள்ராஜ் சார்.

“மேடம், புதன்கிழமை உங்களுக்குப் பணியிடை நீக்க உத்தரவு அனுப்பினேன். நீங்க இன்னும் வகுப்புல நிக்கறீங்க.”

“எனக்கு வாழ்த்துதான் சார் வந்துச்சு.” பலகையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அவன் படித்தான். மறுபடி படித்தான். காது சிவந்தது.

“இது நான் எழுதினதே இல்ல!”

“உங்க கையெழுத்து இருக்கு. உங்க முத்திரை இருக்கு. அது எதையும் மாத்தறதில்ல, மெருகேத்துதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மாத்தலைன்னா இந்த உத்தரவுப்படி நான் பாடம் நடத்தலாம். மாத்துதுன்னா, அதை இந்தப் பிள்ளைங்க முன்னாடி சொல்லுங்க.”

இருபத்தெட்டு ஜோடிக் கண்கள் அவனைப் பார்த்தன.

“பேப்பர்ல எழுதித் தரேன்” என்றான் கடைசியில்.

முத்தரசு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தான். பேனா ஷகிலாவுடையது. நிவேதன் மேஜை மேல் குனிந்து எழுதினான். ‘வகுப்பு நேரத்தில் பலகைகளைப் பூட்டி வைத்ததற்காகத் தங்களைப் பணியிடை நீக்கம் செய்கிறோம்.’

“ஏன் பூட்டினேன்னும் எழுதுங்க சார்.”

“அது தேவையில்ல மேடம்.”

“காரணம் சொல்லாம நீக்கினா எங்க வகுப்புல செல்லாது” என்றாள் ஜெசிந்தா. பின் வரிசையில் யாரோ ‘ஆமா’ என்றார்கள்.

நிவேதன் பேனாவைப் பிடித்தபடி நின்றான். பிறகு பற்களைக் கடித்துக்கொண்டு சேர்த்தான்: ‘மேலும், மாணவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லக் கற்றுத் தந்ததற்காகவும்.’

ஜெசிந்தா தாளை வாங்கிக் கடைசிவரை படித்தாள். அந்தப் பருவத்தில் அவளுக்கு வந்த முதல் உண்மையான கடிதம் அது. கீழே தேதி போட்டு எழுதினாள்:

‘பெற்றுக்கொண்டேன். ஒப்புக்கொள்ளவில்லை. மா. ஜெசிந்தா.’

“திங்கக்கிழமை விசாரணை வைங்க சார், நானே வருவேன். அங்கயும் இதையேதான் சொல்லுவேன்.”

அருள்ராஜ் சார் தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவர் ஏதோ சமாதானம் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஜெசிந்தாவின் பெயருக்குக் கீழே ‘சாட்சி’ என்று எழுதி, நீட்டி முழக்கிக் கையெழுத்துப் போட்டார். “ஒன்பது மாசம்தானே” என்றார் தனக்குத்தானே.

நிவேதன் தாளைப் படம் பிடித்தான்; பலகை அதிலிருந்த எழுத்தைத் தானே படித்து, கடிதமாக்கித் தலைமையகத்துக்கு அனுப்பியது. இரண்டு நிமிடத்தில் அவன் பலகை ஒளிர்ந்தது. படித்தவன் அப்படியே மேஜை விளிம்பில் சாய்ந்துவிட்டான். அருள்ராஜ் சார் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்.

“‘வேண்டாம் எனச் சொல்லக் கற்றுத் தரும் பாடத்தைப் பரிந்துரைத்துத் தாங்கள் அனுப்பிய கடிதம் கண்டு மகிழ்ந்தோம். திங்கள் முதல் பதினேழு பள்ளிகளிலும் இப்பாடம் நடைபெறும். பொறுப்பு: திருமதி ஜெசிந்தா. மேற்பார்வை: தாங்கள்.’”

“நான் இதை அனுப்பல!” நிவேதன் அவசர அவசரமாக எழுதினான்: ‘இல்லை. தவறு. நான் சொன்னது வேறு.’

பதில் உடனே வந்தது. ‘தங்கள் பணிவு பாராட்டுக்குரியது!’

இன்னொரு முறை எழுதினான். இன்னொரு பாராட்டு வந்தது. மூன்றாவது முறை எழுதப் போன விரல் பாதியில் நின்றது. அவன் மெதுவாக, முதல் வரிசையின் ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில், முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பக்கத்தில் ஆவுடை.

“நீங்க எழுதினது போய்ச் சேரலியா சார்?”

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

“எனக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு. தலை வலிக்கும், வயிறு வலிக்கும். ஆனா நெசமா எங்கயும் வலிக்காது.”

நிவேதன் அவளைப் பார்த்தான். அவனுடைய அக்கா பெண்ணிடம் அந்த ஆறு மாதமும் யாரும் என்ன வலிக்கிறது என்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கையிலிருந்த பலகையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

“நேர்ல போய்த்தான் சொல்லணும் போல” என்றான்.

“சென்னைக்கா சார்?”

“ஆமா.”

“அங்க போய்ப் பேச்சு வராம நிக்காதீங்க. இங்கயே ஒருதடவை சொல்லிப் பாத்துட்டுப் போங்க. மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். காரணமும் சொல்லணும்.”

நிவேதன் ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவிக்கு வரும் உத்தேசம் அவளுக்கு இல்லை. அவன் எழுந்தான். வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றான். இரண்டு முறை தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

“எனக்கு… இது பிடிக்கல” என்றான். “நான் சொன்னதை… நாங்க சொல்றதை மாத்தறது.”

குரல் அவனுக்கே கேட்காத அளவில் இருந்தது. முதல் வரிசை சும்மா இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஜெரோம் எழுந்து நின்று கத்தினான்:

“இங்க கேக்கல சார்!”